மங்கிய முகப்பு விளக்கும் அதனை வீட்டிலேயே தெளிவித்தலும்

விழா மலர்க் குழுவினர் விஞ்ஞானப் பகுதிக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டபொழுது, அணுவைப் பற்றியோ அண்டவெளியைப் பற்றியோ யான் எழுதுவேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். முப்பதாண்டுகள் பௌதிகவியல் கற்பித்து இளைப்பாறிய ஒருவனிடம் அவ்வாறு எதிர்பார்த்தல் முறையே. ஆயினும் அவை பற்றி எழுதவல்லார் நம் பழைய மாணவருட் பலர் உளர். யான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது; நம்முட் பலருடைய வீட்டு முற்றத்தில் நாள்தோறும் கண்ணிற் படுவது; கண்ணிற் பட்டும் கருத்திற் படாதது. மோட்டர் வண்டியின் முகப்பு விளக்கை மூடியிருக்கும் பிளாத்திக்கு வில்லை சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் புகை படிந்தாற்போல மங்கிவிடுகின்றது. அதற்குக் காரணம் யாது? அதனை வீட்டிலேயே தெளிவித்தல் எவ்வாறு? தெளிவித்தபின் அது விரைவில் மீண்டும் மங்காதிருக்கச் செய்யவேண்டுவது யாது? இம்மூன்றுமே ஈண்டு ஆராயப்படும்.

கல்லூரி ஆய்வுகூடத்தில் எமக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், பரிசோதனைக் குறிப்பேட்டில் அவதானத்தை எழுதாது முடிவை எழுதுவாரை மன்னியார். "கண்டதை முதலில் எழுது; கருதியதைப் பின்னர் எழுது" என்பது அவர் வாக்கு. அவ்வொழுங்கையே யானும் பின்பற்றுகின்றேன்.

1. அவதானம்

என்னிடமுள்ள கார் யப்பானிலிருந்து பழையதாக இறக்குமதி செய்யப்பட்டது. வாங்கியபொழுது அதன் விளக்குகள் பளிங்குபோலத் தெளிந்திருந்தன. ஆண்டுகள் சில செல்ல, முதலில் மேல்விளிம்பு மஞ்சளித்தது. பின்னர் வில்லை முழுதும் பாலாடை படர்ந்தாற்போலாயிற்று. உறவினர் வீட்டுத் திருமணமொன்று தை மாதத்தில் நிகழவிருந்தமையின், யாரோ கூறிய உபாயத்தைக் கேட்டு, பற்பசையைத் துணியிலிட்டு அரைமணிநேரம் அழுந்தத் தேய்த்தேன். விளக்குகள் புதியனபோல் மின்னின. கண்டோர் பாராட்டினர், யானும் மகிழ்ந்தேன். ஆனால், ஆவணி பிறக்குமுன்னரே அவை முன்னிருந்ததினும் மிக மங்கிவிட்டன. அதனை யான் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகை மாதத்து இரவொன்றில், மழை தூறிக்கொண்டிருக்க, சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். நாவற்குழிப் பாலத்திற்கு அண்மையில், வீதியின் இடப்புறத்தே துவிச்சக்கரவண்டியில் முதியவர் ஒருவர் சென்றுகொண்டிருந்தார். அவர் வண்டியின் பின்னால் விளக்கில்லை. அவர் உடுத்திருந்ததும் கருநிறச் சாரம். அவரை யான் கண்டபொழுது அவர் என் வண்டிக்கு மிக அண்மையில் இருந்தார். தடுப்பை முழுவலிவோடு மிதித்தேன். வண்டி வழுக்கி, அவருடைய பின்சில்லுக்கு இரண்டு முழம் இப்பால் நின்றது. அவர் இறங்கித் திரும்பிப் பார்த்து, சினமேதுமின்றி, "ஏன் ஐயா, லைற்றுப் போடாமலே வாறியள்?" என்று கேட்டார்.

என் விளக்குகள் எரிந்துகொண்டேயிருந்தன. எரிந்துகொண்டிருந்த விளக்கை எரியாத விளக்கென ஒருவர் எண்ணத்தக்க நிலைக்கு அதனை யான் விட்டுவைத்திருந்தேன் என்பதே அவ்விரவின் அவதானம்.

2. காரணம்

நம்மூரில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் ஆகிய பழைய வண்டிகள் இன்றும் ஓடக் காண்கின்றோம். எழுபதாண்டு கடந்தவை அவற்றுட் சில. அவற்றின் தகரம் துருவேறும், இருக்கை கிழியும், ஆனால், விளக்கு வில்லை மஞ்சளிப்பதில்லை. என்னை? அது கண்ணாடி. சிலிக்கனையும் ஒட்சிசனையும் இணைக்கும் பிணைப்பு மிக வலியது. வெயிலின் கதிர்களால் அது முறிவதில்லை.

இக்காலத்து வில்லையோ பொலிகாபனேற்று என்னும் பல்பகுதியத்தால் ஆயது. இப்பொருளை 1953 ஆம் ஆண்டில் யேர்மனியில் பேயர் நிறுவனத்தைச் சேர்ந்த ஏர்மன் சினெல் என்பவரும், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டானியல் பொக்ஸ் என்பவரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டனர். மக்ரோலன், லெக்ஸன் என்னும் வாணிகப் பெயர்கள் அதற்குரியன. ஐக்கிய அமெரிக்காவிலே 1983 இல் விளக்கு விதிகள் திருத்தப்பட்டபின், 1984 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த லிங்கன் மார்க் 7 என்னும் வண்டியில் பிளாத்திக்கு வில்லையுடைய விளக்குகள் பொருத்தப்பட்டன. 1990 களில் ஐரோப்பாவிலும் அவை பரவின. இன்று வெளிவரும் கார்களிற் கண்ணாடி வில்லையைக் காண்டல் அரிது.

இம்மாற்றம் காரணமின்றி நிகழ்ந்ததன்று. கண்ணாடியின் அடர்த்தி நீரினதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு, பொலிகாபனேற்றினது 1.2 மடங்கே. கல் தெறித்தாற் கண்ணாடி நொறுங்கும், இது நொறுங்குவதில்லை. வண்டியின் முகத்தோடு இசைந்து வளையும் எவ்வடிவிலும் இதனை வார்த்தல் கூடும். ஆனால், நிறைகளோடு குறைகள் இரண்டும் உள. ஒன்று, இது மென்மையானது. மணற்றூள் பட்டாலும் கீறும். மற்றையது, ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்கள் இதன் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கும். அறுந்தவை ஒட்சிசனோடு கூடி ஒட்சியேற்றம் அடையும். சில பகுதிகள் மஞ்சணிறச் சேர்வைகளாக மாறும். மேற்பரப்பு நொய்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் தோன்றும்.

இதனை அறிந்தே, செய்வோர் ஒவ்வொரு வில்லையின் வெளிப்புறத்தும் தெளிந்த வன்பூச்சு ஒன்றைப் பூசியனுப்புகின்றனர். அதன் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு. ஊதாக்கடந்த கதிரை உறிஞ்சித் தன்னுட் கொள்ளும் பொருள்கள் அதிற் கலக்கப்பட்டுள்ளன. இப்பூச்சே வில்லையின் கவசம். ஆயினும், உறிஞ்சும் பொருள் நாளடைவிற் செலவாகிவிடும். பூச்சு வெடித்து உரியத் தொடங்கும். நாம் காணும் மஞ்சளும் புகையும் பெரும்பாலும் பழுதுற்ற இக்கவசமும், அதன் கீழே வெயில் தீண்டிய மெல்லிய படையுமேயாம்.

பற்பசையால் யான் செய்தது யாதென இப்பொழுது விளங்கும். பற்பசையிலுள்ள நுண்டூள், புகைபடிந்த மேற்படையைத் தேய்த்து மெருகேற்றியது. அத்தோடு எஞ்சியிருந்த கவசத்தையும் அரித்துவிட்டது. திருமணத்தன்று மின்னியது காப்பற்ற வெறும் பொலிகாபனேற்று. பங்குனி, சித்திரை வெயில் அதனை நேரே தாக்கிற்று. மின்னியதனால் விளக்குச் சீர்ப்பட்டதென யான் எண்ணியதே பிழை.

3. கணக்கு

அமெரிக்க மோட்டர் வாகனச் சங்கத்தார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, மிக மங்கி மஞ்சளித்த விளக்குகள் புதிய விளக்குத் தரும் ஒளியில் ஏறத்தாழ 20 வீதமே தருகின்றன. அவற்றைத் தேய்த்துத் தெளிவித்தால் ஒளி ஏறத்தாழ 70 வீதமளவுக்கு மீள்கின்றது. இவ்வெண்கள் வீதியில் எவ்வாறு பயன்படும் என்பதைப் பள்ளிக் கணக்காகவே செய்து பார்ப்போம்.

ஒளியின் செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமானது. ஆகவே, ஒளி ஐந்திலொன்றாகக் குறையின், ஒரு பொருள் அதே அளவு ஒளி பெற்றுத் தோன்றும் தூரம் ஐந்திலொன்றின் வர்க்கமூலமாக, அஃதாவது 0.45 மடங்காகக் குறையும். கருநிற ஆடை உடுத்த ஒருவர் புதிய விளக்கில் 70 மீற்றரில் தெரிவார் எனக் கணக்குக்காகக் கொள்வோம். மங்கிய விளக்கில் அவர் தெரிவது 31 மீற்றரிலே. தெளிவித்த விளக்கில் 58 மீற்றரிலே.

இனி, மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி செக்கனுக்கு 16.7 மீற்றர் செல்லும். கண்டு, உணர்ந்து, தடுப்பை மிதிக்க ஒன்றரைச் செக்கன் ஆகுமாயின், அதற்குள் 25 மீற்றர் கழியும். ஈரவீதியில் அமர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 5 மீற்றர் எனக்கொண்டால், நிற்பதற்கு மேலும் 28 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 53 மீற்றர். 58 மீற்றரிற் கண்டவன் நிறுத்திவிடுவான். 31 மீற்றரிற் கண்டவன் நிறுத்தமாட்டான். நாவற்குழியில் யான் தப்பியது என் திறமையாலன்று. மழை காரணமாக அன்று மெல்லவே சென்றுகொண்டிருந்தமையால். மங்கிய விளக்கோடு செல்லவேண்டியவர், விளக்கைத் திருத்தும்வரை இரவில் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேற் செல்லாதிருத்தல் நன்று. அவ்வேகத்தில் நிற்றற்கு வேண்டிய தூரம் ஏறத்தாழ 29 மீற்றர்.

மற்றுமோர் உண்மையும் கருதற்பாலது. இழந்த ஒளி முழுதும் அழிந்துவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி வில்லையிற் சிதறி, மேலும் பக்கமும் பரந்து, எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்கின்றது. எனவே, மங்கிய விளக்குக்கு வலிய மின்குமிழ் பூட்டுதல் தீர்வாகாது. சிதறும் ஒளியும் உள்ளிருக்கும் வெப்பமுமே மிகும்.

4. நீர்ச் சோதனை

வேலை தொடங்குமுன், பழுது வில்லையின் வெளிப்புறத்திலா உட்புறத்திலா என்று அறிதல் வேண்டும். இதற்குக் கருவி ஒரு குவளை நீரே. விளக்கின் மேல் நீரை ஊற்றி, அது வழிந்துகொண்டிருக்கும்பொழுதே உற்று நோக்குக. வில்லை கணப்பொழுது தெளிந்து, காய்ந்தவுடன் மீண்டும் மங்குமாயின், பழுது வெளிப்புறத்தது. தேய்த்தலாற் பயன் உண்டு. நனைந்தபொழுதும் மங்கலாகவே தோன்றுமாயின், பழுது உள்ளே அல்லது ஆழத்தில் உள்ளது.

காரணம் எளிது. பொலிகாபனேற்றின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.58, வளியினது 1. கரடுமுரடான பரப்பில் இவ்விரண்டும் சந்திக்கும்பொழுது, ஒளி பல திசைகளில் முறிந்து சிதறும். நீரின் முறிவுச் சுட்டி 1.33. அது பள்ளங்களை நிரப்பும்பொழுது வேறுபாடு குறைகின்றது. நீரின் வெளிப்பரப்போ சமமானது. மழுங்கற் கண்ணாடியில் ஒரு துளி நீரிட்டால் அவ்விடம் தெளிவதை ஆய்வுகூடத்திற் பலரும் கண்டிருப்பர். அதே விதியே இதுவும். பின்னர்ப் பூசப்படும் தெளிந்த வாணிசு நிலையாகச் செய்வதும் இந்நீர் கணப்பொழுது செய்ததையேயாம் என்பதை மனத்திற் கொள்க.

5. செய்முறை

வேண்டும் பொருள்கள்: 400, 800, 1000, 1500, 2000, 3000 ஆகிய இலக்கங்களையுடைய நீர் அரத்தாள்கள் (கடைகளில் வாட்டர்ப் பேப்பர் எனக் கேட்கலாம்), சவர்க்கார நீர் ஒரு வாளி, நீர் தெளிக்கும் போத்தல் ஒன்று, வண்ணப் பூச்சுக்காரர் பயன்படுத்தும் ஒட்டு நாடா, தூய பருத்தித் துணிகள், ஐசோபுரோப்பைல் அற்ககோல், பின்னர்க் கூறப்படும் காப்புப் பொருள். அரத்தாளின் இலக்கம் கூடக்கூட அதன் மணிகள் நுண்ணியனவாகும். 400 இலக்கத் தாளின் மணி ஏறத்தாழ 35 மைக்கிரோமீற்றர். 1000 இலக்கத்தினது 18. 2000 இலக்கத்தினது 10. ஒரு மைக்கிரோமீற்றராவது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு.

வண்டியை நிழலில் நிறுத்துக. விளக்கை அணைத்து அது குளிரும்வரை பொறுத்திருக்க. சவர்க்கார நீரால் வில்லையையும் சுற்றுப்புறத்தையும் கழுவுக. ஒரு மணற்றுணிக்கை எஞ்சினும் அது அரத்தாளின்கீழ் அகப்பட்டு ஆழக் கீறிவிடும். பின்னர், வில்லையைச் சூழ்ந்த வண்ணப் பகுதிகளை ஒட்டு நாடாவால் இரு மடிப்பாக மூடுக. இதனைச் சோம்பலாற் கைவிட்டோர், விளக்கைத் தெளிவித்து வண்டியின் நிறத்தைக் கெடுத்துக்கொள்வர்.

முதலில் 400 இலக்கத் தாளை நீரில் ஊறவைத்து, கிடையாக மாத்திரம் தேய்க்க. இடையறாது நீர் தெளித்தல் வேண்டும். தொடக்கத்தில் வழியும் நீர் மஞ்சளாயிருக்கும். அதுவே பழைய கவசத்தின் தூள். நீர் வெண்மையாகி, வில்லை முழுதும் ஒரே தன்மையான மங்கலை அடையும்வரை விடாது தேய்த்தல் வேண்டும். இடையே நாட்டுப் படங்களிற் காணும் தீவுகள்போலச் சில திட்டுகள் விளிம்போடு தோன்றும். அவை எஞ்சிய பூச்சு. அவற்றை அப்படியே விடின், இறுதியில் அவ்விளிம்புகள் அழியாத கோடுகளாக நிலைத்துவிடும். பூச்சுப் பெரிதும் உரியாத விளக்காயின், 800 இலக்கத்திலேயே தொடங்கலாம்.

இப்பொழுது வில்லை முன்னிருந்ததினும் மோசமாகத் தோன்றும். முதன்முறை செய்வோர் அஞ்சுமிடம் இதுவே. அஞ்சற்க. வில்லையின் தடிப்பு ஏறத்தாழ இரண்டு மூன்று மில்லிமீற்றர். நாம் நீக்கியது அதில் மிகச் சிறு பங்கே.

அடுத்து 800 இலக்கத் தாளால் நிலைக்குத்தாகத் தேய்க்க. அதன்பின் 1000 இலக்கத்தால் மீண்டும் கிடையாக. இவ்வாறே ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுக. திசை மாற்றுவதன் பயன், முந்திய தாளின் கீறல்கள் யாவும் மறைந்தனவா என்பதைக் கண்ணாற் காணலாம் என்பதே. முந்தியவற்றுள் ஒன்றேனும் எஞ்சியிருக்க அடுத்த தாளுக்குச் செல்லற்க. பின்வரும் நுண்டாள் முன்விட்ட பெருங்கீறலை ஒருபொழுதும் அழியாது. ஒவ்வொரு தாளுக்குமிடையே வில்லையையும் கையையும் நன்கு கழுவுதல் வேண்டும்.

எவ்விலக்கத்தில் நிறுத்துவது என்பது பின்னர்ப் பூசும் காப்பைப் பொறுத்தது. தெளிந்த வாணிசு தெளிப்பதாயின் 1000 இலக்கத்தோடு, அல்லது அதன் உறையிற் கூறிய இலக்கத்தோடு நிறுத்துக, மெருகேற்றற்க. வாணிசு பற்றிக்கொள்வதற்குச் சிறிது கரடு வேண்டும். எஞ்சிய நுண்கீறல்களை அது நீரைப்போல நிரப்பிவிடும். பிளாத்திக்குப் படலம் ஒட்டுவதாயின், 3000 இலக்கம்வரை சென்று, அதன்பின் மெருகுப் பசையைத் துணியிலிட்டுப் பளிச்சிடும்வரை தேய்க்க. 2000 இலக்கத்தின் மணியும் ஒளியின் அலைநீளத்தினும் பலமடங்கு பெரிது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்கிரோமீற்றர். ஆதலாலேயே மெருகின்றித் தாளால் மாத்திரம் தெளிவு பெறுதல் இயலாது. மெருகேற்றும் பொறி உடையோர் அதனை ஓரிடத்தில் நிறுத்தாது நகர்த்திக்கொண்டேயிருக்க. பொலிகாபனேற்று ஏறத்தாழ 147 பாகை சதமத்தில் இளகத் தொடங்கும்.

இரண்டு விளக்குகளுக்கும் ஒரு முற்பகல் போதியது.

6. காப்பு

ஈண்டு யான் கூறப்புகுவதே இக்கட்டுரையின் உயிர்நிலை. தேய்த்து மெருகேற்றியதோடு வேலை முடிந்ததென்று கருவிகளை எடுத்துவைப்பவர், என் பற்பசைப் பிழையையே பெரிய அளவிற் செய்தவராவார். அவர் பழைய கவசத்தை முற்றாக நீக்கிவிட்டார், புதியது கொடுக்கவில்லை. அவருடைய விளக்குச் சில மாதங்களுக்கு மின்னி, முன்னிலும் விரைவாக மங்கும். கவசத்தை நீக்கியவனே புதிய கவசத்தை அணிவித்தலும் வேண்டும்.

காப்பு நான்கு வகைப்படும். முதலாவது, ஊதாக்கடந்த கதிரைத் தடுக்கும் எனவும் முகப்பு விளக்குக்கு ஏற்றது எனவும் உறையிற் பொறிக்கப்பட்ட தெளிந்த வாணிசு. வில்லையை ஐசோபுரோப்பைல் அற்ககோலாற் துடைத்து உலர்த்தி, காற்றிற் புழுதியில்லாத வேளையில், மெல்லிய படைகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே உறையிற் கூறிய நேரம் விட்டுத் தெளித்தல் வேண்டும். ஒரேமுறையில் தடிப்பாகத் தெளிப்பின் வழிந்து ஓடும். மழைக்கால ஈரக்காற்றில் தெளிப்பின் வெண்மை படரும். ஆதலால் வரண்ட நாளைத் தெரிந்துகொள்க. இரண்டாவது, துணியால் இழுத்துப் பூசும் திரவக் காப்பு. மூன்றாவது, வண்டியின் வண்ணத்தைக் காக்க ஒட்டப்படும் தெளிந்த பொலியூரித்தேன் படலம். வெயிலைத் தாங்குமாறு செய்யப்பட்டதைத் தேர்ந்து, சவர்க்கார நீர் தெளித்து ஒட்டி, நீரை வழித்துவிடுதல் வேண்டும். இவை மூன்றும் பொருளின் தரத்துக்கேற்ப நீடிக்கும். நன்கு செய்யின் ஓரிரண்டு ஆண்டு கவலையில்லை. நான்காவது, வண்டிக்குப் பூசும் மெழுகு. இது மிக எளியது. ஆனால் சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் பூசப்படல் வேண்டும். ஒன்றுமில்லாமைக்கு இது மேல் என்பதன்றி, ஏனைய மூன்றுக்கும் இது நிகராகாது.

வண்ணப் பட்டறைகளில் இரு கூறுகளைக் கலந்து தெளிக்கும் வாணிசு இவற்றினும் நெடுநாள் நிற்கும். ஆனால், அதன் வன்மையாக்கியில் ஐசோசயனேற்றுச் சேர்வைகள் உள. அவற்றின் ஆவியையும் தூவலையும் சுவாசித்தல் நுரையீரலுக்குப் பெருந்தீங்கு. தீராத இழுப்பு நோயை உண்டாக்கவல்லது. சாதாரண முகத்துணி அதனைத் தடுக்காது. அதனைத் தகுந்த சுவாசக் கருவியுடைய பட்டறையினரிடமே விடுக.

வெயிற் காப்புக்குப் பணச்செலவில்லாத வழியும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணம் வட அகலக்கோடு ஏறத்தாழ 9.7 பாகையில் உள்ளது. ஞாயிறு நம் உச்சிக்கு வருவது ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும். எனவே ஆண்டில் ஏறத்தாழ ஏழரை மாதங்கள் நண்பகல் ஞாயிறு நமக்குத் தெற்கே நிற்கும். ஊதாக்கடந்த கதிர் மிக்கிருப்பதும் நண்பகலையடுத்த வேளையிலேயே. கொட்டகையில்லாதவர் வண்டியின் முகம் வடக்கு நோக்குமாறு நிறுத்தின், விளக்குகள் ஏற்கும் வெயில் குறையும். சித்திரை முதல் ஆவணி வரையுள்ள காலத்தில் ஒரு பழைய சாக்கை முகப்பின்மேல் இட்டுவைப்பினும் இழுக்கில்லை.

7. செய்யத்தகாதன

அசற்றோன், தின்னர், பெற்றோல் ஆகியவற்றால் வில்லையைத் துடைக்கற்க. பொலிகாபனேற்று இவற்றால் இளகி, உள்ளே சிலந்திவலைபோல் வெடிக்கும்; அவ்வெடிப்புக்கு மருந்தில்லை. நுளம்பு விரட்டித் திரவத்தைத் தெளித்துத் துடைத்தால் விளக்குத் தெளியும் என்று கூறுவோரும் உளர். அத்திரவங்கள் சிலவற்றிலுள்ள டீற் என்னும் பொருள் பிளாத்திக்கின் மேற்பரப்பை இளக்கிச் சமமாக்குவதால் கணநேரத் தெளிவு தோன்றும். அது காப்பன்று, கேடே. வழிந்து வண்ணத்திற் பட்டால் அதனையும் கெடுக்கும். பற்பசையைப் பற்றி என் அனுபவமே போதும்.

8. எல்லையும் முடிவும்

எல்லா விளக்கும் தெளிவிக்கத்தக்கதன்று. நீர்ச் சோதனையில் தெளியாதது, உள்ளே நீர் புகுந்தது, தெறிப்புக் கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு கருகியது, ஆழ்ந்த வெடிப்புகளையுடையது ஆகியவற்றைத் தேய்த்தல் வீண்முயற்சி. அவற்றை மாற்றுதலே தக்கது. மாற்றுவோர் ஒன்றைக் கவனிக்க: யப்பானிலும் நம் நாட்டிலும் வீதியின் இடப்புறமே வண்டி செல்கின்றது, ஆதலால் தாழ்கதிர் இடப்புறத்தே சிறிது உயர்ந்தும் வலப்புறத்தே தாழ்ந்தும் இருக்கும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கைப் பூட்டின், அது எதிரே வருவோர் கண்ணிற் பாயும்.

வேலை முடிந்தபின் சோதனை ஒன்று செய்தல் முறை. சமதரையில், ஒரு வெண்சுவருக்கு 25 அடி தூரத்தில் வண்டியை நிறுத்தித் தாழ்கதிரை எரியவிடுக. வேலைக்கு முன்னும் பின்னும் இதனைச் செய்து ஒப்புநோக்குக. முன்னர், சுவரெங்கும் வெளிறிய ஒளி பரந்திருக்கும். பின்னர், மேலே இருளும் கீழே ஒளியுமாக இரண்டையும் பிரிக்கும் கோடு தெளிவுறத் தோன்றும். அக்கோடு தோன்றினால், ஒளி செல்லவேண்டிய இடத்துக்குச் செல்கின்றது என்பது பொருள். கோடு உயர்ந்து காணப்படின், விளக்கின் நோக்கைச் சரிசெய்வித்தல் வேண்டும்.

யான் என் விளக்குகளை மார்கழி மாதத்து வரண்ட நாளொன்றிலே இம்முறைப்படி தேய்த்து வாணிசு தெளித்தேன். அவை திருமணத்தன்று பற்பசையால் மின்னியதுபோல் மின்னவில்லை. ஓர் ஓரத்தில் என் கைப்பிழையால் வாணிசு சிறிது வழிந்துமிருக்கின்றது. ஆயினும் சுவரிலே கோடு தெளிவாக விழுகின்றது. இரண்டு கோடைகள் கழிந்தபின்னும் அவ்வாறே விழுகின்றது. இவ்வாண்டு அச்சோதனையை மீண்டும் செய்து குறிப்பேட்டிற் பதிந்துள்ளேன்.

நாவற்குழி வழியே இரவிற் செல்லும்போதெல்லாம், விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியிற் சென்ற அம்முதியவரை நினைக்கின்றேன். அவர் வண்டிக்கு விளக்கில்லாதது குறையே. ஆயினும், விளக்குடையவன் அதனைப் பேணாதிருத்தல் அதனினும் பெருங்குறை. நம் வண்டியின் விளக்கு நமக்கு மாத்திரம் வழிகாட்டுவதன்று. வழியிற் செல்வாரை நமக்குக் காட்டுவதும் அதுவே. இக்கட்டுரையை வாசிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் இன்று மாலை ஒரு குவளை நீரோடு தத்தம் வண்டியின் முன் சென்று, முதலில் அவதானத்தை எழுதுவாராக.